பாக்டீரியா மாமி உறைமோர் வாங்கப் போன கதை

சாக்கடைக்கு வெல்லம் கரைத்து ஊற்றி, அது சாப்பிட்டதா என்று எட்டிப் பார்த்து, சாப்பிடவில்லை என்று தெரிந்தால் கண் கலங்குகிற ஒரே மனுஷி இந்த பூமியில் எங்கள் பாக்டீரியா மாமியாகத்தான் இருக்க முடியும். இன்னொருவர் இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து காலில் விழுகிறேன்.

மாமிக்கு அம்மா அப்பா வைத்த பெயர் இருக்கத்தான் செய்தது. கீழே லிஃப்ட் பக்கத்துப் பலகையில்கூட எழுதியிருந்தது. ஆனால் செம்பூரில் எங்கள் டவரில் வாட்ச்மேன், பால்காரர், இஸ்திரிக்காரர் யாரைக் கேட்டாலும் ‘பாக்டீரியா மாமி’ என்றால்தான் தெரியும். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். ஃபோர்ட்டில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில், செத்தவர்களின் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கிற க்ளெய்ம் செக்‌ஷனில் ரிட்டயராகும்வரை இருந்தார். ‘எப்படிச் செத்தார்? யார் பார்த்தது? கடைசியாக என்ன சாப்பிட்டார்?’ என்று காலமெல்லாம் கேட்டுக் கேட்டு, யார் என்ன சொன்னாலும் முதலில் நம்ப மாட்டார். காய்கறிக்காரர் ‘இன்று பறித்தது’ என்றால்கூட ஆதாரம் கேட்பார்.

இந்த இடத்தில் எங்கள் பேஸ்மென்ட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கையைக் கழுவிவிட்டு வந்துவிடுங்கள்.

கார் நிறுத்துகிற இடத்தை ஒட்டி, டவருக்கென்று ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. ப்ளாண்ட் என்போம். எல்லா வீட்டுக் கக்கூஸ் தண்ணீரும் குளித்த தண்ணீரும் பாத்திரம் தேய்த்த தண்ணீரும் அங்கே ஒரு பெரிய தொட்டியில் வந்து விழும். ப்ளோயர் என்கிற யந்திரம் அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு கோடானுகோடி பாக்டீரியாக்கள் நம்முடைய அழுக்கைத் தின்று தீர்க்கும். தெளிந்த தண்ணீரில் கொஞ்சம் தோட்டத்துக்குப் போகும், மிச்சம் பின்பக்கத்து நாலாவில் விழும். நாலா என்றால் பம்பாய்ப் பேச்சில் சாக்கடைக் கால்வாய். அது குர்லா பக்கம் வளைந்து மித்தி நதியில் சேர்கிறது. மித்தி தாராவி ஓரமாகப் போய் மாஹிமில் கடலில் கலக்கிறது.

பெரிய கட்டடம் என்றால் ப்ளாண்ட் கட்டியாக வேண்டும். கட்டிவிடுவார்கள். ஓட்டுவதில்தான் சிக்கல், ப்ளோயர் கரண்ட்டை அப்படிக் குடிக்கும். அதனால் பக்கத்திலேயே ஒரு வால்வு வைத்திருந்தார்கள். அதைத் திருப்பிவிட்டால் எல்லாம் தொட்டிப் பக்கமே எட்டிப் பார்க்காமல் நேரே நாலாவுக்குப் போய்விடும். எங்கள் சேர்மன் பெரியசாமி அண்ணாச்சிக்கு அந்த வால்வின்மேல் எப்போதும் ஒரு கண். தாராவியில் ஹார்டுவேர், பினாயில், பிரஷ் எல்லாம் விற்கிற பெரிய கடை அவருடையது. தங்கமான மனுஷர். கரண்ட் பில் வரும் தேதியில் மட்டும் தங்கம் கொஞ்சம் கறுத்துவிடும்.

ரிட்டயரான மாமி பொழுது போகாமல் கமிட்டியில் சேர்ந்தார். யாருக்கும் வேண்டாத ப்ளாண்ட் பொறுப்பை அவர் தலையில் கட்டினார்கள். கட்டியவர்கள் அத்தனை பேரும் பின்னால் வருந்தினார்கள்.

காலையில் டிஃபன் நேரத்தில் பெல் அடிக்கும். என் மனைவி செல்வி கதவு ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு, “ஏங்க, மாமி வந்துட்டாவ! அந்த ஆசிட் பாட்டில அரிசி டின்னுக்குப் பின்னால வைங்க, வெரசா!” என்று கிசுகிசுப்பாள். மாமி உள்ளே வந்து உட்கார்ந்து, காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூக்காலேயே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுவார்.

“செல்வி, பாத்ரூம்ல என்ன ஊத்தினே?”

“ஒண்ணும் ஊத்தலியே மாமி. வெறும் தண்ணிதான்.”

“வெறும் தண்ணிக்கு இந்த நெடி வருமா? நீ இங்க ஒரு மூடி ஆசிட் ஊத்தினா கீழ என் குழந்தைகள் குடும்பம் குடும்பமா சாகறதுகள். கொஞ்சம் நினைச்சுப் பாரும்மா.”

செல்வி நினைத்துப் பார்த்தாள். அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மே மாத லீவு வந்தால் மாமிக்குத் தூக்கம் போய்விடும். பாதி டவர் ஊருக்குக் கிளம்பிவிடும். ஆள் இல்லாவிட்டால் அழுக்கு இல்லை, அழுக்கு இல்லாவிட்டால் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு இல்லை. ஒருமுறை நாங்கள் தூத்துக்குடிக்குக் கிளம்பி, பெட்டியெல்லாம் டாக்ஸியில் ஏற்றியாகிவிட்டது. மாமி மூச்சிரைக்க ஓடி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் யாரோ அழ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எஞ்சினை அணைத்தே விட்டார்.

“எல்லாரும் ஒரே சமயத்துல கிளம்பினா அதுகள் என்ன பண்ணும், பாவம்? நீங்க நாலு பேர், நன்னா சாப்பிடற குடும்பம். ரெண்டு நாள் கழிச்சுப் போகப்படாதோ?”

எங்கள் பரம்பரையில் இதற்காக எங்களைப் புகழ்ந்தவர் அவர் ஒருவர்தான். ரயிலை விட முடியாது என்று கெஞ்சிக் கூத்தாடிக் கிளம்பினோம். நாங்கள் திரும்பி வரும்வரை வெல்லமும் கஞ்சியும் கரைத்து ஊற்றி மாமிதான் அதுகளைக் காப்பாற்றினார்.

தினமும் தொட்டித் தண்ணீரை ஓர் ஊறுகாய்க் கண்ணாடி ஜாடியில் எடுத்து, லிஃப்டுக்குப் பக்கத்து மேஜையில், பிள்ளையார் படத்துக்குக் கீழே வைப்பார். சற்று நேரத்தில் பழுப்பாக மண்டி அடியில் இறங்கி, மேலே தெளிவாக நிற்கும். அப்படி நின்றால் குழந்தைகள் சௌக்கியம் என்று அர்த்தம். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்து மாமா அந்த ஜாடியை வெகு நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “ரசம் நன்னா தெளிஞ்சிருக்கு, பொண்ணு வச்சதா?” என்று கேட்டுவிட்டார். நல்ல வேளை, ருசி பார்ப்பதற்குள் வாட்ச்மேன் ஓடி வந்து தடுத்தான். அந்தச் சம்பந்தம் நடந்தது, பிள்ளைகூடப் பிறந்துவிட்டது.

இதையெல்லாம் பார்த்து நாங்கள் சிரித்தோம். நானும்தான். ஒரு நாள் லிஃப்டில் கேட்டேன், “எதுக்கு மாமி இந்தப் பாடு? ஊரே சாக்கடையைத் திறந்து விடுதாங்க. நம்ம ஒரு டவர் தண்ணி சுத்தமா இருந்தா மித்தி கங்கையாயிடுமா?”

மாமி சிரிக்கவில்லை. “உங்க அக்கா தாராவியில ஆத்தோரமா இருக்காளோன்னோ?”

“ஆமா.”

“நீங்க காலம்பற ஃப்ளஷ் பண்றது அவாத்து வாசல் வழியாத்தான் போறது. நான் க்ளெய்ம் செக்‌ஷன்ல இருந்தவ. ஒவ்வொரு மழையும் முடிஞ்சா காமாலை, எலிக்காய்ச்சல்னு பேப்பர் வரும். அட்ரஸைப் பார்த்தா எல்லாம் ஆத்தங்கரை. சின்னச் சின்னக் குழந்தைகளோட பேரெல்லாம் அதுல இருக்கும். நான் கையெழுத்துப் போட்டுப் பணம் அனுப்புவேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது. இப்போ இதாவது முடியறதே.”

லிஃப்ட் நின்றது. மாமி இறங்கிப் போய்விட்டார். நான் என் மாடியை விட்டுவிட்டு மேலே மொட்டை மாடிவரை போய்த் திரும்பினேன். அதற்குப் பிறகு அரிசி டின்னுக்குப் பின்னால் எங்கள் வீட்டில் ஆசிட் பாட்டில் வைத்ததில்லை.

இப்போது ஒரு கொலை விஷயத்துக்கு வருகிறேன்.

ப்ளாண்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அரசாங்கத்திலிருந்து ஓர் ஆபீசர் வருகிறார் என்று தகவல் வந்தது. அந்த நேரம் பார்த்து மாமி மாட்டுங்காவுக்குத் தங்கை பெண்ணின் சீமந்தத்துக்குப் போயிருந்தார். ஆபீசர் வரும்போது ப்ளாண்ட் நாறினால் டவருக்கே அவமானம் என்று அண்ணாச்சிக்குப் பட்டது. சேர்மன் என்ற முறையில் மட்டுமல்ல, தாராவியில் முப்பது கடைக்குச் சப்ளை செய்கிற வியாபாரி என்ற முறையிலும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் கோடவுனிலிருந்து கேன் கேனாகப் பினாயிலும் ப்ளீச்சிங் பவுடரும் வரவழைத்து, அத்தனையையும் தொட்டியில் கொட்டினார். கையில் காசு வாங்கவில்லை. கட்டடத்துக்கு என் தர்மமாக இருக்கட்டும் என்றார்.

சீமந்தத்திலிருந்து மாமி பட்டுப் புடவையோடு, கையில் பட்சணப் பையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பேஸ்மென்ட்டில் இறங்கினார். ப்ளாண்ட் நன்றாக ஓடினால் அங்கே புது மழை பெய்த மண் வாசனை வரும். அன்று கல்யாண மண்டபத்துக் கக்கூஸ் மாதிரி கமகமவென்று மணத்தது. தொட்டி நிறைய வெள்ளை நுரை.

“யாரு?” என்றார் மாமி. அந்த ஒரு வார்த்தையில் க்ளெய்ம் செக்‌ஷன் மொத்தமும் இருந்தது.

அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். “நாந்தான் மாமி! ஆபீசர் வாறாருல்லா. நம்ம கோடவுன் சரக்கு, முதல் தரம். ஒரு கிருமி மிஞ்சாது பாத்துக்கிடுங்க!”

“ஆமாம் அண்ணாச்சி,” என்றார் மாமி. “ஒண்ணுகூட மிஞ்சலை.”

பட்சணப் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மாமி கத்தியிருந்தால் அண்ணாச்சி பதிலுக்குக் கத்தியிருப்பார். மாமி அழுதார். பினாயில் டீலருக்கு அதை எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. மாமி வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை, தலை முழுகினார் என்றெல்லாம் வாட்ச்மேன் சொன்னான். அடுப்பு மூட்டாதது உண்மை. செல்விதான் தோசை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

நல்ல காலம், ஆபீசர் லீவில் போனார், வருகை தள்ளிப் போயிற்று. ஆனால் கமிட்டிக் கூட்டத்தில் அண்ணாச்சி மெதுவாக ஆரம்பித்தார். “செத்தது செத்துப் போச்சு. வால்வைத் திருப்பிருவோம் மாமி. ஆபீசர் வாற அன்னைக்கு ஒரு டேங்கர் நல்ல தண்ணிய ஊத்திக் காட்டிருவோம். கரண்ட்டும் மிச்சம்.” நிறையத் தலைகள் ஆடின.

மாமி எழுந்து நின்றார். “ஆபீசர் வரவரைக்கும் டயம் கொடுங்கோ. அன்னிக்கு ஜாடியில தண்ணி தெளியலேன்னா நானே வால்வைத் திருப்பிடறேன். அப்புறம் ப்ளாண்ட் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

பினாயில் குற்ற உணர்ச்சியில் இருந்த அண்ணாச்சி சரி என்றுவிட்டார்.

செத்த தொட்டிக்கு உயிர் கொடுப்பது எப்படி? எங்களுக்கெல்லாம் அது பெரிய விஞ்ஞானம். மாமிக்கு அது அடுக்களை. “பாலை வச்சுண்டு உட்கார்ந்தா தானா தயிர் ஆயிடுமா? பக்கத்தாத்துல போய் ஒரு கரண்டி உறைமோர் கடன் வாங்கிண்டு வர மாட்டோமா? அதேதான்.” உயிரோடு ஓடுகிற இன்னொரு ப்ளாண்ட்டிலிருந்து கொஞ்சம் பாக்டீரியா மண்டி கொண்டு வந்து ஊற்றினால் அது இங்கே பெருகும். முறைப்படி முதலில் பக்கத்து டவரில் கேட்டார். அங்கே ப்ளாண்ட் அறையில் டேபிள் டென்னிஸ் போர்டு போட்டு, ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. எதிர் டவரில் அந்த அறையில் கணபதி பந்தல் சாமான். மாமி வெறும் கையோடு திரும்பி வந்தார். உறைமோர் இல்லாத வீடுகள் இத்தனை இருக்கின்றன என்பது அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது.

கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியில் ப்ளாண்ட் நன்றாக ஓடுகிறது என்று கேள்விப்பட்டார். போக வர வண்டி வேண்டும். டவரிலேயே அப்போது புதுசாகக் கார் வாங்கி, சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் வைத்திருந்த ஓர் அப்பாவி இருந்தான். அந்த அப்பாவி நான்தான். காலி பெயின்ட் டப்பாக்கள் அண்ணாச்சி கடையிலிருந்து வந்தன. பிராயச்சித்தம்.

ஆஸ்பத்திரி ப்ளாண்ட்டைப் பார்த்துக்கொள்ளும் மராட்டிக்காரருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் இதை வெளியே தள்ள வழி தேடுவார்கள், டப்பா எடுத்துக்கொண்டு வாங்க வந்தவர்களை அவர் பார்த்ததே இல்லை. மாமி தன் மாட்டுங்கா இந்தியில் விளக்கினார். “தஹி ஜமானே கே லியே படோஸி ஸே தோடா தஹி லேதே ஹை நா, பையா? வைஸே ஹீ.” தயிர் உறைய வைக்கப் பக்கத்து வீட்டில் கொஞ்சம் தயிர் வாங்குவோமே, அது மாதிரி. அவர் ஒரு கணம் யோசித்து, வாய்விட்டுச் சிரித்து, எல்லா டப்பாவையும் தளும்பத் தளும்ப நிரப்பிக் கொடுத்தார். கடைசி டப்பாவை மூடும்போது, வீட்டில் யாரும் பினாயில் ஊற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். மாமியின் முகத்தைப் பார்த்து நான் வேகமாக வண்டியை எடுத்தேன்.

திரும்பும் வழியில் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் நிறுத்தினார். பின்னால் என்ன டப்பா என்றார். பெயின்ட் என்று சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார். “பாக்டீரியா ஹை. ஜிந்தா ஹை.” உயிரோடு இருக்கிறது என்று வேறு! கொரோனா பார்த்த ஊர் அல்லவா, போலீஸ்காரர் பின்னாலேயே நகர்ந்து போய், தூரத்திலிருந்தே போ போ என்று கையை ஆட்டினார். நான் பதற்றத்தில் ஒரு ஸ்பீடு பிரேக்கரைக் கவனிக்கவில்லை. ஒரு டப்பா மூடி திறந்துகொண்டது. அதற்கு மேல் அந்தக் காரைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

தொட்டியில் மண்டியை ஊற்றியாயிற்று. இனி அது வயிறாரச் சாப்பிட வேண்டும். மாமி அந்த ஞாயிற்றுக்கிழமை டவர் மொத்தத்துக்கும் ஹாலில் சாப்பாடு போட்டார். அவியல், பொரியல், சாம்பார், ரெண்டு பாயசம். எல்லாரும் மாமியின் தாராள மனசை மெச்சிக்கொண்டு வளைத்துக் கட்டினோம். மாமி பந்தியில் நடந்துகொண்டே, “நன்னா சாப்பிடுங்கோ, கூச்சப்படாதேங்கோ, எல்லாம் கீழதான் போய்ச் சேரணும்,” என்றார். செல்வி பாயச டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள். நான் வைக்கவில்லை. பாயசம் அப்படி.

அதன்பின் மாமி தினமும் ஜாடியை எடுத்துப் பார்ப்பார். கலங்கலாகவே இருக்கும். அடுத்த நாளும் கலங்கல். மாமியின் முகமும் அதே மாதிரி ஆயிற்று. ஆசிட் என்று ஒரு வார்த்தைகூட டவரில் யாரும் பேசவில்லை. ஏகாதசி விரதம் இருக்கிற பாலக்காட்டு மாமாகூட அந்த முறை இட்லி சாப்பிட்டார். அண்ணாச்சி யாருக்கும் தெரியாமல் பேஸ்மென்ட்டுக்குப் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வருவதை நானே பார்த்தேன்.

ஆபீசர் வந்தார். சின்ன வயசுப் பெண். எல்லோரும் கீழே கூடிவிட்டோம். மாமி தொட்டியிலிருந்து ஜாடியை நிரப்பி, முந்தானையால் வெளிப்புறத்தைத் துடைத்து, மேஜையில் வைத்தார். தொட்டியைப் போலவே ஜாடியும் கலங்கிக் கிடந்தது. அண்ணாச்சியின் பார்வை வால்வுப் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு மெல்ல, மிக மெல்ல, பழுப்பு மண்டி அடியில் இறங்க ஆரம்பித்தது. மேலே ஒரு விரல் தெளிவு. அப்புறம் இரண்டு விரல். பாதி ஜாடி தெளிந்தபோது, ஜாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணாச்சியின் மீசை இந்தப் பக்கம் தெரிந்தது.

ஆபீசர் மூச்சை இழுத்துப் பார்த்தார். மண் வாசனை. “ஆபரேட்டர் யார்?” என்று இந்தியில் கேட்டார். அத்தனை விரல்களும் மாமியைக் காட்டின. மாமி கையெடுத்துக் கும்பிட்டார். ஆபீசரை அல்ல, தொட்டியை.

ஆபீசர் போன பிறகு அண்ணாச்சி ஸ்பானர் கொண்டு வந்தார். வால்வின் கைப்பிடிச் சக்கரத்தைத் தானே கழற்றி, மாமி கையில் கொடுத்தார். “இத நீங்களே வச்சுக்கிடுங்க மாமி. எனக்கு எப்ப புத்தி மாறும்னு எனக்கே தெரியாது.” மாமி அதை மஞ்சள் தடவி சாமி அலமாரியில் வைத்தார்.

அந்த வாரமே மாமி, தன்னைத் தாராவிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். என் அக்காவுக்கு நேரில் சொல்ல வேண்டுமாம். முறுக்கு டப்பாவோடு வந்து நின்ற மாமியைப் பார்த்து அக்கா திகைத்துப் போனாள். “உங்க தம்பியாத்துத் தண்ணி இனிமே சுத்தமா வரும்மா. நான் பார்த்துக்கறேன்,” என்றார் மாமி. அக்கா அவரை ஆற்றங்கரைவரை அழைத்துக்கொண்டு போனாள். மித்தி எப்போதும்போல் கறுப்பாக, பிளாஸ்டிக் பைகளைச் சுமந்துகொண்டு, நாறிக்கொண்டு போனது.

“எங்கேம்மா சுத்தம்? கறுப்பாத்தான கெடக்கு?” என்றாள் அக்கா. கேலியாகச் சொல்லவில்லை, பாவமாகத்தான் சொன்னாள்.

மாமி ஆற்றைக் காட்டினார். “இதுல ஒரு செம்புத் தண்ணி நன்னா இருக்கும்மா. எந்தச் செம்புன்னு எனக்கும் தெரியாது. ஆனா இதுலதான் போயிண்டிருக்கு.”

அக்கா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது மாமி பிள்ளையோடு சான்பாடாவில் இருக்கிறார். அங்கேயும் ப்ளோயரை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். முகம் தெரியாத அந்த சேர்மனை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. வால்வுச் சக்கரத்தைக் கிளம்பும்போது செல்வியிடம் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் அது அரிசி டின்னுக்குப் பின்னால், ஆசிட் பாட்டில் இருந்த அதே இடத்தில் இருக்கிறது. தீபாவளி, பொங்கல் என்றால் போன் வரும். என்னைப் பற்றியோ செல்வியைப் பற்றியோ கேட்க மாட்டார். “குழந்தைகள் சௌக்கியமா?” என்பார். நான் பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் போய், ப்ளோயர் சத்தம் கேட்கும்படி போனைத் தொட்டிப் பக்கம் பிடிப்பேன். அந்தப் பக்கத்தில் மாமி கேட்டுக்கொண்டிருப்பார்.

பாந்த்ராவில் எனக்கு ஒரு ஸ்டேஷனரிக் கடை. தினமும் வடாலாவில் ரயில் மாறிப் போகிறேன். மாஹிம் தாண்டியதும் ரயில் மித்தியின் மேல் போகும். பெட்டியில் அத்தனை பேரும் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் மட்டும் வாசலோரம் நகர்ந்து, அந்தக் கறுப்புத் தண்ணீரைக் குனிந்து பார்க்கிறேன். மாமியின் செம்பு இதில் எங்கேயோ கடலைப் பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறது. எதுவென்று தெரியாததால், மொத்த ஆற்றையும் பார்த்து, ‘பாத்துப் போ’ என்று சொல்லிக்கொள்கிறேன்.